திருகோணமலையில் நின்று கடல் பௌதிகவியல் படிக்கத் தொடங்குபவருக்கு

கேள்வி இது: "உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன், வீடு உப்புவெளி. கடல் எப்படிக் காலநிலையைத் தீர்மானிக்கிறது என்று ஒழுங்காகப் படிக்க ஆசை. தேடினால் உலகைச் சுற்றி ஓடும் ஒரு பெரிய நீரோட்டத்தின் படம்தான் எங்கும் வருகிறது. அது எங்கள் பக்கம் வருவதாகவே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது? நானே அளந்து பார்க்கக்கூடியது எது?"

அந்தப் படத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அது பொய்யில்லை. ஆனால் அதில் ஒரு சுற்று முடிய ஆயிரம் ஆண்டு அளவில் ஆகும். வரும் கார்த்திகையில் உங்கள் முற்றத்தில் எவ்வளவு மழை விழும், வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் சூறாவளியாக மாறுமா என்பவற்றில் கடலின் பங்கு பெரும்பாலும் மேல் நூறு மீற்றருக்குள் முடிந்துவிடுகிறது. அந்த நூறு மீற்றரை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும். தலைகீழாகப் படித்தவர்கள் படத்தை ஒப்புவிப்பார்கள், ஒரு கணக்கும் செய்யமாட்டார்கள்.

முதற்கணக்கு வெப்பம். கடல் மட்டத்தில் வளி அமுக்கத்தை ஈர்ப்பு ஆர்முடுகலால் வகுத்தால், ஒரு சதுர மீற்றரின் மேல் நிற்கும் வளி முழுவதின் திணிவு கிடைக்கும்: ஏறத்தாழ 10,300 கிலோகிராம். வளியின் தன்வெப்பக்கொள்ளளவு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 1,000 யூல். ஆகவே அந்த வளி நிரல் முழுவதையும் ஒரு பாகை சூடாக்க ஒரு கோடி யூல் அளவில் வேண்டும். கடல்நீருக்கு அதே எண் 3,990. அடர்த்தி கனமீற்றருக்கு 1,025 கிலோகிராம். ஒரு மீற்றர் ஆழ நீரை ஒரு பாகை உயர்த்த 41 இலட்சம் யூல். இரண்டையும் வகுத்துப் பாருங்கள்: மேல் இரண்டரை மீற்றர் கடல்நீர், தன் தலைக்கு மேலுள்ள வளிமண்டலம் முழுவதற்கும் ஈடான வெப்பத்தைக் கொள்ளும். உலகக் கடலின் சராசரி ஆழமோ 3,700 மீற்றர் அளவு. 1971 முதல் 2018 வரை பூமியில் மிகையாகத் தேங்கிய வெப்பத்தில் ஏறத்தாழ 91 வீதம் கடலுக்குள் போயிருக்கிறது, வளியில் நின்றது ஒரு வீதம் மட்டும் என்று காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழுவின் ஆறாவது அறிக்கை சொல்வதில் வியப்பு ஒன்றுமில்லை. செய்தியில் வரும் "பூமியின் வெப்பநிலை" மேற்பரப்பின் கதை மட்டும்.

அடுத்து, மேற்பரப்பில் வரவு செலவு. வரவு ஒன்றுதான்: சூரிய ஒளி. இரவு பகல், முகில் எல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்தால் எங்கள் அகலக்கோட்டில் சதுர மீற்றருக்கு 200 வாற்றுக்குச் சற்று மேலே. செலவு மூன்று. கடல் தானே செங்கீழ்க் கதிராக வெளிவிடுவதில் தேறிய இழப்பு 50 வாற்று அளவு. குளிர்ந்த வளியை நேரடியாகச் சூடாக்குவதில் போவது அயன மண்டலத்தில் 10 வாற்றுக்குள், பெரும்பாலும் கணக்கில் எடுக்காமலே விடலாம். மிச்சமுள்ள பெரிய செலவு ஆவியாதல். இதற்கு ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளில் ஒரு மில்லிமீற்றர் நீர் ஆவியானால் அது சதுர மீற்றருக்கு 28 வாற்று இழப்பு. (ஒரு கிலோகிராம் நீரின் மறைவெப்பம் 24.5 இலட்சம் யூல். அதை 86,400 வினாடியால் வகுங்கள்.) நாளுக்கு நான்கு மில்லிமீற்றர் ஆவியானால் 110 வாற்றைத் தாண்டிவிடும். ஆவியாதல் காற்றின் வேகத்தோடும் வளியின் வறட்சியோடும் ஏறும். சித்திரையில் வெயிலும் உண்டு, காற்றும் செத்துக் கிடக்கும். அதனால்தான் இங்கே கடல் மேற்பரப்பு ஆண்டின் உச்சமான 30 பாகை செல்சியசை அப்போது ஒட்டி நிற்கிறது. ஆனி, ஆடியில் வெயில் குறைந்துவிடவில்லை, கச்சான் (இங்கே வீசும் வறண்ட தென்மேற்குக் காற்று) வேறு கொளுத்துகிறது, ஆனாலும் வெளிக்கடல் குளிர்கிறது. காற்று நீரை ஆவியாக்கியும் அடியிலிருந்து கலக்கியும் வெப்பத்தைக் கரைத்துவிடுகிறது. "வெயில் அதிகம், ஆகவே கடல் சூடு" என்று எழுதும் விடைக்கு நான் புள்ளி கொடுக்கமாட்டேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சூரிய ஒளியில் பாதிக்கு மேல் முதல் மீற்றரிலேயே உறிஞ்சப்படுகிறது. காற்றும் அலையும் அதைக் கீழே கலக்கிவிடுகின்றன. இப்படி வெப்பநிலையும் உப்புத்தன்மையும் ஒரே சீராக இருக்கும் மேற்பகுதியைக் கலப்புப் படை என்பார்கள். அதன் தடிப்பு 10 மீற்றராகவும் இருக்கலாம், 100 மீற்றராகவும் இருக்கலாம். வரவு செலவு போக மிச்சம் 100 வாற்று என்றும், அது 30 நாள் நீடிக்கிறது என்றும் வையுங்கள். சதுர மீற்றருக்கு 26 கோடி யூல் சேரும். கலப்புப் படை 50 மீற்றர் என்றால் வெப்பநிலை 1.3 பாகை கூடும். 15 மீற்றர் என்றால் 4.2 பாகை. (உண்மையில் மெல்லிய படையை ஊடுருவி ஒளியின் ஒரு பகுதி கீழே போய்விடும், ஆகவே 4.2 என்பது மேல் எல்லை.) வெப்பம் அதேதான், தடிப்பு மட்டும்தான் மாறியது. கடலைப் பார்த்து நீங்கள் கேட்கவேண்டிய முதற்கேள்வி "எவ்வளவு சூடு?" அல்ல, "எவ்வளவு ஆழத்துக்குச் சூடு?" என்பதுதான்.

அந்தத் தடிப்பை யார் தீர்மானிக்கிறார்கள்? உலகின் பெரும்பாலான கடல்களில் காற்றும் வெப்பநிலையும். வங்காள விரிகுடாவில் உப்பு.

ஏன் என்று அடர்த்தியை வைத்துப் பார்க்கலாம். 29 பாகை அளவில் உள்ள கடல்நீர் ஒரு பாகை குளிர்ந்தால் அதன் அடர்த்தி கனமீற்றருக்கு 0.34 கிலோகிராம் கூடும். உப்புத்தன்மை கிலோகிராமுக்கு ஒரு கிராம் குறைந்தால் 0.75 கிலோகிராம் குறையும். அதாவது ஒரு கிராம் உப்புக் குறைவு, இரண்டு பாகைக்கும் மேலான குளிர்ச்சியைச் சமன்செய்துவிடும். உலகக் கடலின் சராசரி உப்புத்தன்மை 35 கிராம் அளவு. அரபிக்கடலில் ஆவியாதல் மழையை மிஞ்சுவதால் 36ஐயும் தாண்டும். வங்காள விரிகுடாவுக்கோ கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன, மேலே மழை வேறு. வடக்கு விரிகுடாவின் மேற்பரப்பு 30க்கும் கீழே இறங்குவதுண்டு. இந்த இலேசான நீர் மேலே ஒரு மூடியாகக் கிடக்கிறது. மூடிக்குக் கீழே உள்ள நீர் அதே வெப்பநிலையில் இருக்கலாம், சில வேளை மேலே உள்ளதைவிடச் சூடாகவும் இருக்கலாம். மாரி காலத்தில் வடக்கு விரிகுடாவில் இந்தத் தலைகீழ் நிலை வழக்கமான ஒன்று. சூடான நீர் கீழே, குளிர்ந்த நீர் மேலே என்றாலும் கவிழாது, ஏனென்றால் உப்பு அதைத் தாங்கிப் பிடிக்கிறது. உப்பால் ஆன கலப்புப் படையின் அடிக்கும், வெப்பநிலை சடுதியாக விழத் தொடங்கும் ஆழத்துக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதிக்குத் தடைப்படை என்று பெயர்.

தடைப்படை இருந்தால் என்ன? சூறாவளி வந்தால் தெரியும். சூறாவளி உருவாக மேற்பரப்பு 26.5 பாகையாவது இருக்கவேண்டும் என்ற விதியை எல்லாப் புத்தகமும் சொல்லும். இங்கே ஆண்டு முழுவதும் அந்த எல்லைக்கு மேலேதான். ஆகவே அந்த விதி எங்களுக்கு ஒன்றையும் பிரித்துக் காட்டாது. பார்க்கவேண்டியது இதை: பலத்த காற்று கடலைக் கலக்கும்போது கீழிருந்து குளிர்ந்த நீர் ஏறி மேற்பரப்பைக் குளிர்வித்தால், சூறாவளி தன் எரிபொருளைத் தானே வெட்டிக்கொள்கிறது. தடைப்படை இருக்கும்போது எவ்வளவு கலக்கினாலும் மேலே வருவதும் சூடான நீர்தான். ஐப்பசி முதல் மார்கழி வரை விரிகுடாவில் மேற்பரப்பு வெப்பநிலை உச்சத்திலிருந்து இறங்கிவிட்டிருந்தும், 1978 நவம்பர் 23–24இல் மட்டக்களப்பைத் தாக்கியதும், 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறிய புரெவியும் இந்தப் பருவத்தில் வந்தவைதான். கடல் மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். உயரத்தோடு காற்றின் வேகமும் திசையும் அதிகம் மாறினால் கீழே எவ்வளவு சூடான கடல் இருந்தாலும் சூறாவளி சிதறிவிடும். ஆடி, ஆவணியில் விரிகுடாவில் கடும் சூறாவளிகள் அரிதாக இருப்பதற்கு அதுவே முதற்காரணம்.

இனிச் சுழற்சி. உயர்தர மாணவர் பெரும்பாலும் இடறும் இடம் இது.

கோரியோலிசு காரணி என்பது பூமியின் கோண வேகத்தின் இருமடங்கை அகலக்கோட்டின் சைனால் பெருக்கிய எண். திருகோணமலை 8.57 பாகை வடக்கில் இருக்கிறது. ஆகவே காரணி வினாடிக்கு 2.17 × 10⁻⁵. மிகச் சிறியது. ஒரு தள்ளு கொடுத்து விட்ட நீர், வேறு விசை எதுவும் இல்லாவிட்டால், ஒரு வட்டம் போட்டு முடிக்க எடுக்கும் நேரம் இந்த எண்ணிலிருந்து வரும்: ஏறத்தாழ 80 மணித்தியாலம், அதாவது மூன்றேகால் நாள். இதே நேரம் 45 பாகையில் 17 மணித்தியாலம்தான். கைகழுவும் தொட்டியில் நீர் சுழல்வதைக் கோரியோலிசோடு முடிச்சுப் போடுபவர்களிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள். தொட்டி காலியாக எடுப்பது அரை நிமிடம். 80 மணித்தியாலத்தில் திருப்பும் ஒரு விளைவுக்கு அங்கே என்ன வேலை? நாட்கணக்கில் நீடித்து, பத்துக்கணக்கான கிலோமீற்றர் அகலமாக ஓடும் நீருக்குத்தான் அது எசமான்.

காற்று நீரை இழுக்கும்போது நடப்பதை 1905இல் சுவீடன் நாட்டு எக்மன் கணக்கிட்டுக் காட்டினார். வட துருவக் கடலில் பனிக்கட்டி காற்றின் திசைக்கு வலப்பக்கமாக விலகிப் போவதை நோர்வே நாட்டு ஆய்வாளர் நான்சன் தன் ஃபிராம் கப்பலிலிருந்து கவனித்திருந்தார். அதற்கு விளக்கம் தேடியதில் பிறந்த கணக்கு அது. முடிவு இதுதான்: வட அரைக்கோளத்தில் காற்றால் தள்ளப்படும் மேற்படை முழுவதையும் கூட்டிப் பார்த்தால், தேறிய நீர்ப்பெயர்ச்சி காற்றுக்குச் செங்கோணமாக வலப்பக்கம். மேற்பரப்பு நீர் மட்டும் 45 பாகை விலகும் என்று புத்தகத்தில் உண்டு. அது எங்கும் ஒரே பாகுத்தன்மை என்று எடுத்துக்கொண்ட கணக்கு; உண்மைக் கடலில் கோணம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. செங்கோண முடிவை நம்பலாம், 45ஐ நம்பவேண்டாம். பெயரும் நீரின் அளவு காற்று விசையைக் கோரியோலிசு காரணியால் வகுத்த ஈவு. காரணி சிறியதாக இருப்பதால், ஒரே காற்று எங்கள் அகலக்கோட்டில் 45 பாகையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு நீரைப் பக்கவாட்டில் நகர்த்தும். பூமத்திய ரேகைக்கு அண்மையில் கடல் காற்றுக்கு இவ்வளவு விரைவாகப் பதில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும்போது இதை இலங்கையைச் சுற்றி வைத்துப் பாருங்கள். தென்கரையில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே கரைக்குச் சமாந்தரமாகப் போகிறது. வலப்பக்கம் என்றால் தெற்கு, அதாவது கரையிலிருந்து வெளியே. மேல்நீர் விலக, கீழிருந்து குளிர்ந்த, போசணைப் பொருள் நிறைந்த நீர் ஏறுகிறது. கிழக்கில் கதை கொஞ்சம் வேறு. தீவு காற்றை மறிப்பதால் அதன் வேகம் இடத்துக்கு இடம் மாறுகிறது. அந்த வேறுபாடு எங்கள் கரைக்குக் கிழக்கே மேல்நீரை வெளிநோக்கிப் பரவச் செய்து, நடுவில் கீழ்நீரை மேலே இழுக்கிறது. விளைவாக இடஞ்சுழியாகச் சுழலும் ஒரு பெரிய குளிர்ந்த வட்டம் வைகாசி, ஆனி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை நிற்கும். அதை இலங்கைக் குவிமாடம் என்பார்கள். வினயச்சந்திரனும் யமகதாவும் 1998இல் விளக்கமாக எழுதினார்கள். அதே வேளையில் தென்மேற்குப் பருவக்காற்று நீரோட்டம் தீவின் தெற்கால் சுற்றி, அரபிக்கடலின் உப்பு நீரை விரிகுடாவுக்குள் கொண்டுபோகிறது. மேலே இலேசான விரிகுடா நீர் இருப்பதால் இந்தக் கனத்த நீர் அதற்குக் கீழே நழுவிப் போகிறது.

வாடை (வடகீழ்ப் பருவக்காற்று) வீசும் காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கே இறங்கி, வடக்கின் நன்னீர் கலந்த நீரை எங்கள் கரை வழியே கொண்டுவருகிறது. காற்று திரும்பியதால் நீரோட்டமும் திரும்பியிருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் சோளகத்திலும் குவிமாடத்தின் மேற்கு விளிம்பு என்ற முறையில் எங்கள் கரையோரம் ஓட்டம் பெரும்பாலும் தெற்கு நோக்கியே இருக்கும். காற்றை மட்டும் பார்த்து ஓட்டத்தைச் சொல்லிவிட முடியாது.

தெற்கே ஓடும் நீர் ஏன் கரையில் மோதிக்கொண்டே இருக்கவில்லை? கோரியோலிசு அதை வலப்பக்கம், அதாவது மேற்கே கரை நோக்கித் தள்ளுகிறது. நீர் கரையில் கொஞ்சம் உயர்கிறது. அந்த உயரம் திருப்பித் தள்ளுகிறது. இரண்டும் சமனானால் ஓட்டம் கரைக்குச் சமாந்தரமாக நடக்கிறது. எவ்வளவு உயரம்? சரிவு என்பது கோரியோலிசு காரணியை வேகத்தால் பெருக்கி ஈர்ப்பால் வகுத்தது. வேகம் வினாடிக்கு அரை மீற்றர், ஓட்டத்தின் அகலம் 100 கிலோமீற்றர் என்று வைத்தால், கரையில் கடல் மட்டம் வெளிக்கடலைவிட 11 சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்கும். வானத்திலிருந்து உயரம் அளக்கும் செய்மதிகள் நீரோட்டத்தைக் கண்டுபிடிப்பது இந்தச் சரிவை வைத்துத்தான்.

இந்த 11 சென்ரிமீற்றரை மறக்கவேண்டாம். 2006 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் ஆண்டுக்கு சராசரி 3.7 மில்லிமீற்றர் உயர்ந்தது. அப்படியானால் ஒரு பருவகால நீரோட்டம் சில கிழமைகளில் செய்யும் மாற்றம், முப்பது ஆண்டுக் காலநிலை மாற்றத்துக்குச் சமம். இதோடு வளியமுக்கம் ஒரு எக்டோபசுக்கால் குறைந்தால் நீர் ஒரு சென்ரிமீற்றர் ஏறும். ஆகவே "போன வருசத்தைவிட இந்த வருசம் கடல் உள்ளே வந்துவிட்டது, இது புவி வெப்பமடைதல்" என்று ஒரு கார்த்திகையைப் பார்த்துச் சொல்வதில் பொருளில்லை. பல்லாண்டுப் பதிவு வேண்டும், அதிலும் பருவத்தையும் அமுக்கத்தையும் கழித்த பின்புதான் பேசவேண்டும். மறுபக்கம், இங்கே வற்றுப்பெருக்கின் வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவு. பெரிய வற்றுப்பெருக்கு உள்ள ஊர்களில் கரையும் கட்டடமும் அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை. எங்களுக்குச் சில சென்ரிமீற்றரே பெரிய விசயம், குறிப்பாகக் கிண்ணியா, மூதூர்ப் பக்கத் தாழ்நிலங்களுக்கு.

1971 முதல் 2018 வரை கடல் மட்டம் உயர்ந்ததில் பாதியளவு பனி உருகியதால் அல்ல, நீர் சூடாகி விரிந்ததால். எங்கள் மேற்பரப்பு நீர் 100 மீற்றர் தடிப்புக்கு ஒரு பாகை சூடானால் 3.3 சென்ரிமீற்றர் விரியும். அதே வெப்பம் ஆழத்தில் 2 பாகை நீருக்குள் போனால் விரிவு இதில் பாதிக்கும் குறைவு. ஆகவே வெப்பம் எவ்வளவு சேர்ந்தது என்பதோடு எந்த ஆழத்தில் சேர்ந்தது என்பதும் வேண்டும்.

இங்கேதான் நீங்கள் கேட்ட அந்த உலகப் படம் உள்ளே வருகிறது. கொட்டியார்க் குடாவின் வாயிலிலிருந்தே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி 3,000 மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. சுவாமி மலையில் நின்று பார்க்கும் தொலைவிலேயே, அயன வெயிலுக்குக் கீழே, 2 பாகை அளவிலான நீர் கிடக்கிறது. அது இங்கே குளிர்ந்ததல்ல, குளிரவும் முடியாது. மற்றச் சமுத்திரங்களைப் போல் இந்து சமுத்திரத்துக்கு வடக்கே துருவக் கடல் கிடையாது, ஆசியா மறித்து நிற்கிறது. அந்த நீர் அந்தாட்டிக்காவைச் சுற்றிய கடலில் மூழ்கி, அடித்தளத்தை ஒட்டி வடக்கே ஊர்ந்து வந்தது. மேலே சூடு, அடியில் குளிர் என்ற இந்த அமைப்பு நிலைத்திருப்பதற்கு அந்த மெதுவான வரத்து வேண்டும். அது நின்றால் மேலிருந்து வெப்பம் மெல்லக் கீழே இறங்கி ஆழமும் சூடாகும். ஆழ நீரின் வெப்பமானி அளவை மேற்பரப்போடு ஒப்பிடும்போது ஒரு திருத்தம் தேவை: 3,000, 4,000 மீற்றர் நீரின் அமுக்கத்தால் நெருக்கப்பட்டே நீர் ஏறத்தாழ 0.3 பாகை சூடாகியிருக்கும். அதைக் கழித்த அளவுக்கு நிலைப்பண்பு வெப்பநிலை என்று பெயர். ஆழத்தில் எப்போதும் அதையே பயன்படுத்துங்கள்.

பள்ளத்தாக்கு இருப்பதால்தான் கீழ்நீர் பொங்குகிறது, அதனால்தான் திமிங்கிலங்கள் வருகின்றன என்று சுற்றுலாப் பலகைகள் ஒரே வரியில் முடித்துவிடும். ஆழம் கரைக்குக் கிட்ட வருவதால் ஆழக்கடல் விலங்குகளைக் கரையிலிருந்து காணமுடிகிறது என்பது உறுதி. பள்ளத்தாக்கின் சுவர்களில் அக அலைகள் (நீருக்குள்ளேயே, அடர்த்தி மாறும் படைகளில் எழும் அலைகள்) உடைந்து கலக்குவதும் உலகின் பல பள்ளத்தாக்குகளில் அளந்த உண்மை. ஆனால் இரை எங்கிருந்து வருகிறது என்பதற்குக் குவிமாடம், நீரோட்டம், மகாவலியின் வரத்து எல்லாவற்றையும் தனித்தனியே பிரித்து அளந்தாக வேண்டும். பள்ளம் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கிறது, திமிங்கிலங்கள் பருவத்துக்கு வருகின்றன. அந்த ஒரு வரி விளக்கத்தைச் சந்தேகிக்க இதுவே போதும்.

காபனீரொட்சைட்டு பற்றிச் சுருக்கமாக. மனிதர் வெளிவிடுவதில் நாலில் ஒரு பங்கு அளவு கடலுக்குள் போகிறது. கடல்நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பீ.எச். 8.2இலிருந்து 8.1ஆகக் குறைந்திருக்கிறது, மடக்கை அளவுகோல் என்பதால் அந்த 0.1 என்பது ஐதரசன் அயன் செறிவில் 26 வீத உயர்வு. எங்கள் கரைக்கு அப்பாலுள்ள புறாமலைத் தீவின் பவளத்துக்கு அதைவிட உடனடி ஆபத்து வெப்பம். ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் சராசரியைவிட ஒரு பாகை கூடிச் சில கிழமை நின்றால் வெளிறத் தொடங்கும். 1998இலும் 2016இலும் இலங்கைப் பவளப் பாறைகள் பரவலாக வெளிறின. இரண்டும் பெரிய எல்நினோவை (பசிபிக்கின் நடு, கிழக்குப் பகுதி மேற்பரப்பு வழமையைவிடச் சூடாகும் நிலை) தொடர்ந்து வந்தவை.

எல்நினோ என்றால் வறட்சி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கிழக்குக்கு அது பாதி பிழை. பசிபிக்கில் எல்நினோ இருக்கும் ஆண்டில் இலங்கையில் ஐப்பசி முதல் மார்கழி வரையான மழை சராசரியாகக் கூடுகிறது. தை முதல் பங்குனி வரை குறைகிறது. இந்து சமுத்திரத்துக்குள்ளேயே இன்னொரு ஊசல் இருக்கிறது, 1999இல் சாஜி, யமகதா குழுவினர் இரு துருவம் என்று பெயரிட்டது. சுமாத்திராக் கரையோரம் வழமையைவிடக் குளிர்ந்து, ஆபிரிக்கப் பக்கம் சூடானால் அது நேர்க் கட்டம். 1997இலும் 2019இலும் வலுவாக வந்தது. அதுவும் எங்கள் பின்மாரி மழையைக் கூட்டும் பக்கமே சாய்கிறது. எங்கள் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரைக்குள் விழுவதால், தம்பலகாமத்தில் பெரும்போகம் விதைப்பவருக்கு எல்நினோ ஆண்டில் முதற்கவலை தண்ணீர் இல்லாமை அல்ல, வெள்ளம். தை பிறந்த பிறகுதான் மற்றக் கவலை. இவை எல்லாம் நிகழ்தகவுகள். தனி ஒரு ஆண்டு எதிர்மாறாகவும் போகலாம்.

இனி அளத்தல். மூன்று அளவு போதும்: வெப்பநிலை, உப்புத்தன்மை, கடல் மட்டம்.

வெப்பநிலைக்கு 0.1 பாகை காட்டும் வெப்பமானி. முதலில் நொறுக்கிய ஐஸ் கலந்த நன்னீரில் வைத்து பூச்சியம் காட்டுகிறதா பாருங்கள். காட்டாவிட்டால் வித்தியாசத்தைக் குறித்துவைத்துக் கழியுங்கள். தடித்த பிளாஸ்டிக் வாளியில் நீரை அள்ளி, நிழலில் வைத்து, ஒரு நிமிடத்துக்குள் வாசியுங்கள். சுணங்கினால் ஆவியாகி நீர் குளிர்ந்துவிடும். இது அற்பமான எச்சரிக்கை என்று நினைக்காதீர்கள். உலகக் கடல் வெப்பநிலைப் பதிவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு செயற்கை ஏற்றம் இருக்கிறது. துணி வாளியால் அளந்த கப்பல்களுக்குப் பதில், இயந்திரக் குளிரூட்டலுக்கு உறிஞ்சும் நீரை அளந்த கப்பல்களின் பதிவு அப்போது கூடியது. முதலாவது குளிராகக் காட்டும், இரண்டாவது சூடாகக் காட்டும். அதைத் திருத்துவதற்கே பல ஆண்டு ஆராய்ச்சி போனது. நாளும் ஒரே நேரத்தில் அளவுங்கள், விடியமுன் என்றால் நல்லது. காற்றில்லாத மத்தியானத்தில் மேல் அரை மீற்றர் மட்டும் ஒன்றிரண்டு பாகை கூடக் காட்டும்.

உப்புத்தன்மைக்குக் கையடக்க முறிவுமானி. ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த நீரில் பூச்சியத்துக்குச் சரிசெய்யுங்கள். ஒரு கிராம் அளவுக்குத்தான் பிரித்துக் காட்டும்; ஆழக்கடல் ஆராய்ச்சிக்கு அது போதாது, எங்களுக்குப் போதும், ஏனென்றால் மகாவலி பெருகும்போது கொட்டியார்க் குடாவில் மேற்பரப்பு பல அலகு விழும். ஆற்றுவாய், களப்புவாய்க்கு அருகே எடுத்த அளவை வெளிக்கடல் அளவென்று எழுதவேண்டாம்.

கடல் மட்டத்துக்கு அலை குறைந்த மீன்பிடி இறங்குதுறை ஒன்று தேவை. துறைமுகப் பகுதியில் எதையும் பொருத்துமுன் அனுமதி எடுங்கள். கடற்படையும் துறைமுக அதிகாரசபையும் உள்ள இடம். அடி மூடிய பீ.வீ.சீ. குழாயை நிறுத்தி, பக்கத்தில் குழாய் விட்டத்தின் பத்தில் ஒரு பங்கு அகலத் துளை ஒன்று போட்டால் அலை அடங்கி மட்டம் மட்டும் உள்ளே தெரியும். துளையைச் சிப்பியும் பாசியும் அடைக்கும். கிழமைக்கு ஒருமுறை சுத்தம் செய்யாவிட்டால் வற்றுப்பெருக்கு நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போவதாகக் காட்டும். அளவுகோலின் பூச்சியத்தைக் கரையில் அசையாத ஒரு கொங்கிரீட் அடையாளத்தோடு மட்டம் பார்த்துக் கட்டுங்கள். மணிக்கொருமுறை, குறைந்தது 15 நாள். சந்திரனின் அரைநாள் வற்றுப்பெருக்கு 12.42 மணித்தியாலம், சூரியனுடையது 12.00; இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து பிரிய 14.77 நாள் வேண்டும், அதற்குக் குறைந்த பதிவில் இரண்டையும் பிரிக்கமுடியாது. நாளுக்கு ஒருமுறை மட்டும் ஒரே நேரத்தில் அளந்தால், சந்திரப் பெருக்கு பதினைந்து நாள் மெதுவான அலையாக வேடம் போட்டு வரும், சூரியப் பெருக்கு காணாமலே போகும். உங்கள் அளவை இணையத்தில் திறந்திருக்கும் திருகோணமலைக் கடல்மட்ட நிலையப் பதிவோடு ஒப்பிடலாம். அங்கே நேரம் கிறீன்விச்சில் இருக்கும். ஐந்தரை மணித்தியாலம் கூட்ட மறந்தால் உங்கள் பெருக்கு அவர்களின் வற்றாகத் தெரியும்.

ஆழத்துக்கு வள்ளம் தேவையில்லை, ஆர்கோ மிதவைகள் இருக்கின்றன. உலகில் ஏறத்தாழ 4,000 மிதக்கின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீற்றரில் ஒன்பது நாள் அளவு மிதந்து, 2,000 மீற்றருக்கு இறங்கி, வெப்பநிலையும் உப்பும் அளந்தபடி மேலே வந்து செய்மதிக்கு அனுப்பும்; சுற்றுக்குப் பத்து நாள். தரவு இலவசம். 7 முதல் 10 பாகை வடக்கு, 81 முதல் 85 பாகை கிழக்கு என்ற பெட்டிக்குள் சித்திரையில் ஒன்று, மார்கழியில் ஒன்று எடுங்கள். மேல் 200 மீற்றருக்கு வெப்பநிலை, உப்பு, அடர்த்தி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். 10 மீற்றரில் உள்ளதைவிட அடர்த்தி 0.03 கிலோகிராம் கூடும் ஆழம் கலப்புப் படையின் அடி. வெப்பநிலை 0.2 பாகை குறையும் ஆழத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் இடைவெளிதான் தடைப்படை. மார்கழியில் அது உங்கள் தாளிலேயே தெரியவேண்டும். தெரியாவிட்டால் மூன்றைச் சோதியுங்கள். அடர்த்தியை வெப்பநிலையால் மட்டும் கணித்தீர்களா? தரக்குறியீடு 1 (நல்ல தரவு) இல்லாத புள்ளிகளையும் சேர்த்துவிட்டீர்களா? உடனடித் தரவா, பின்னர் திருத்திய தரவா? சில மிதவைகளின் உப்பு உணரி வயதாக ஆக உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டத் தொடங்கும். திருத்திய கோப்பில்தான் அது சரிசெய்யப்பட்டிருக்கும்.